அம்ப்ரொக்ஸானை வீட்டு மேசையில் கையாள்வது: பளிங்கிலிருந்து போத்தல் வரை

வாசனைத் திரவியங்களில் சேர்க்கும் வெள்ளைப் பளிங்கான அம்ப்ரொக்ஸான் கைக்கு வந்ததும் புதியவர்கள் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விடுவார்கள். "பெரிசா ஒண்டும் மணக்கேல்லையே அண்ணா, ஏமாத்திப்போட்டாங்களோ?" என்று கேட்பார்கள். அந்தச் சந்தேகத்திலேயே பளிங்கை அள்ளிக் கலவையில் போடுவார்கள். இரண்டு நாள் கழித்து வீடு முழுக்க அந்த ஒரே மணம்தான் இருக்கும், ஆனால் போட்டவருக்கு அது தெரியாது.

இந்தப் பொருளோடு வரும் சிக்கல்கள் பெரும்பாலும் வரிசை மாறுவதால் வருபவை. முதலில் கரைக்க வேண்டும், பிறகு பொறுக்க வேண்டும், அதன் பிறகே முகர வேண்டும், கடைசியில்தான் கலவைக்குப் போக வேண்டும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. கொழும்பில் வீட்டில் ஒரு மேசையை ஒதுக்கி, சிறிய அளவில் வாசனைத் திரவியமோ அத்தரோ லோஷனோ செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. எதற்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பொருள் வாங்கும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். ஸ்பிரே என்றால் எதனோல், அதாவது மதுசாரம், வேண்டும். உருட்டிப் பூசும் அத்தர் என்றால் எண்ணெய்த் தன்மையான கரைப்பான் வேண்டும். லோஷன் என்றால் அதன் எண்ணெய்ப் பகுதியோடு சேரக்கூடிய கரைசல் வேண்டும். எதனோலில் கரைத்து வைத்துவிட்டு அதையே அத்தருக்கு ஊற்றினால், மதுசாரம் இல்லாதது வேண்டும் என்று கேட்பவருக்கு அதைக் கொடுக்க முடியாது. நம்மூரில் அப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர்.

2. வாங்கும்போது கேட்க வேண்டியவை

புறக்கோட்டை அத்தர் கடைகளில் 'அம்பர்' என்று விற்கும் எண்ணெய் பெரும்பாலும் லப்டனம் பிசின், சாம்பிராணி வகை, வனிலா சேர்ந்த இனிப்பான கலவை. அது நல்ல பொருள்தான், ஆனால் இது அல்ல. அம்ப்ரொக்ஸான் என்பது திமிங்கிலத்திலிருந்து வரும் கடல் அம்பரில் இருக்கும் ஒரு மூலக்கூறைப் பெரும்பாலும் கிளாரி சேஜ் செடியில் கிடைக்கும் ஸ்கிளாரியோல் என்ற பொருளிலிருந்து தொழிற்சாலையில் செய்து எடுப்பது. இனிப்பு குறைவு. உப்பும் மரமும் வெயிலில் காய்ந்த தோலும் கலந்தாற்போல் இருக்கும். டியோர் சோவாஜ் சென்ட் பூசியவர் கடந்துபோன பிறகு காற்றில் நிற்கும் அந்த உலர்ந்த வாசம் பெரும்பகுதி இதனால்தான்.

பெயரை நம்பாமல் காஸ் (CAS) எண்ணை, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய அடையாள எண்ணைக், கேளுங்கள். அம்ப்ரொக்ஸானுக்கு 6790-58-5. செட்டாலொக்ஸ் என்ற பெயரில் வருவது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இதன் இரு மூலக்கூறு வடிவங்களும் கலந்தது, அதன் எண் 3738-00-9. அதையும் பயன்படுத்தலாம், ஆனால் ஒன்றின் அளவை மற்றதற்கு அப்படியே எடுக்காதீர்கள். பாதுகாப்புத் தரவுத்தாளையும் கேட்டு வாங்கி வையுங்கள். தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

இன்னொரு சோதனை கண்ணாலேயே செய்யலாம். இது வெள்ளைப் பளிங்கு, உருகுவதற்கு ஏறக்குறைய 75 பாகை செல்சியஸ் வேண்டும். கொழும்பின் எந்த வெயிலிலும் தானாக உருகாது. ஆகவே திரவமாகக் கொடுத்தால் அது ஏற்கெனவே கரைத்தது அல்லது வேறு பொருள். எந்தக் கரைப்பானில், எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் போத்தலை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

அம்ப்ரோசெனைட், அம்பர் எக்ஸ்ட்ரீம் போன்றவையும் அம்பர் வகையில்தான் விற்கப்படுகின்றன. அவை இதைவிட மிகக் கடுமையானவை. இந்த வழிகாட்டியில் உள்ள அளவுகளை அவற்றுக்குப் போடாதீர்கள்.

முதல் தடவைக்கு 5 கிராம் தாராளம்.

3. மேசையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு. நகைக்கடையில் பார்க்கும் வகைதான். அத்தோடு கபில நிறக் கண்ணாடிப் போத்தல்கள், சின்னக் கண்ணாடிக் கிண்ணம், கையுறை, முகரும் காகிதப் பட்டி, லேபல், அழியாத பேனை, ஒரு கொப்பி.

இறப்பர் குமிழ் வைத்த துளிப்பான் மூடியோடு போத்தலை மூடி வைக்காதீர்கள். கரைப்பானின் ஆவியில் இறப்பர் இளகி, அதன் மணமும் நிறமும் கரைசலுக்குள் இறங்கும். துளிப்பானை எடுத்து ஊற்ற மட்டும் பயன்படுத்துங்கள். மூட இறுக்கமான திருகுமூடி வேண்டும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். மேலே ஃபேன் சுற்றினால் தராசின் இலக்கம் நிற்காது, பளிங்குத் தூளும் பறக்கும். வியர்க்கும்தான், ஆனாலும் நிறுக்கும் நேரத்தில் வேறு வழியில்லை.

எதனோல் ஏறக்குறைய 13 பாகையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நம் அறை வெப்பம் எப்போதும் அதைவிடப் பத்துப் பதினைந்து பாகை மேலே. அதனால் காஸ் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, நுளம்புச் சுருள் எரியும் இடத்தில் போத்தலைத் திறக்கவே கூடாது. வேலை நடுவில் கரண்ட் போனால் போத்தலை மூடிவிட்டு டோர்ச்சை எடுங்கள். மெழுகுதிரி வேண்டாம்.

4. கரைப்பானைத் தெரிவு செய்தல்

ஸ்பிரேக்கு வாசனைத் தொழிலுக்கென்று விற்கும் மணமற்ற எதனோல் வேண்டும், 95 சதவீதத்துக்குக் குறையாமல். இலங்கையில் எதனோல் மதுவரித் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். அனுமதியுள்ள விற்பனையாளரிடம் மட்டும் வாங்கி, பற்றுச்சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

இங்கே குறுக்குவழி தேடுபவர்கள் அதிகம். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் வேறு பொருட்கள் சேர்த்திருப்பார்கள். அதன் மருந்து மணம் கடைசிவரை போகாது. மெதிலேற்றிய மதுசாரத்தில் மெதனோல் இருக்கும், அது தோலுக்கு ஆகாது. கொரோனா காலத்தில் மிஞ்சிய கைசுத்தித் திரவத்தைக் கொண்டுவருபவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி செய்ததில் எதனோல் 80 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பகுதி நீர், கொஞ்சம் கிளிசரினும் ஐதரசன் பரவொட்சைட்டும். அம்ப்ரொக்ஸான் நீரில் கரையாத பொருள், வாசனை எண்ணெய்களும் அப்படித்தான். கலவை கலங்கும், தோலில் பிசுபிசுக்கும்.

அத்தருக்கும் லோஷனுக்கும் ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட் எடுங்கள். ஐபிஎம் என்று கேட்டாலே கொடுப்பார்கள். மணமில்லை, தோலில் இலகுவாகப் பரவும், அம்ப்ரொக்ஸான் அதில் நன்றாகக் கரையும். டிபிஜி (டைபுரொப்பிலீன் கிளைக்கோல்) என்ற கரைப்பான் மலிவுதான், ஆனால் 10 சதவீதத்தில் கரைத்து ஏசி அறையில் வைத்தால் அடியில் பளிங்கு திரும்பவும் படியலாம். அப்போது மேலே எடுப்பது ஒரு சதவீதம், கீழே எடுப்பது இன்னொரு சதவீதம். புதியவருக்கு டிபிஜியை நான் சிபாரிசு செய்வதில்லை.

சாதாரணத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். 24 பாகையைச் சுற்றி அது உறையத் தொடங்கும். வீட்டில் தெளிவாக இருந்த அத்தர் ஏசி போட்ட அலுவலகத்தில் வெண்ணெயாகி நிற்கும். தேங்காயின் தன் மணமும் இடையில் வரும்.

5. பத்துச் சதவீதக் கரைசல்

எடையால் அளவிடுங்கள், துளிக்கணக்கில் வேண்டாம். ஒரே துளிப்பானிலிருந்து விழும் எதனோல் துளிக்கு நீர்த்துளியின் பாதி எடைகூட இராது. பொருளுக்குப் பொருள் துளி மாறும்போது 'நாலு துளி' என்று எழுதிவைத்த குறிப்பு அடுத்த தடவை உதவாது.

வெற்றுப் போத்தலைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். 5.00 கிராம் பளிங்கைப் போடுங்கள். பிறகு தராசு மொத்தம் 50.00 காட்டும்வரை கரைப்பானை ஊற்றுங்கள். அதாவது கரைப்பான் 45 கிராம். எதனோல் என்றால் ஏறக்குறைய 57 மில்லிலீற்றர் வரும், கண்ணுக்கு அதிகமாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். எதனோல் நீரைவிட இலேசானது.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை: 5 கிராமுக்கு 50 கிராம் கரைப்பான் ஊற்றுவது. மொத்தம் 55 ஆகிவிடும், கரைசல் 9.1 சதவீதம்தான். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் அடுத்த போத்தலைச் சரியாகச் செய்யும்போது இரண்டும் ஒத்துப்போகாது, ஏன் என்றும் புரியாது.

பளிங்கை முதலில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரவத்தின் மேல் தூளைக் கொட்டினால் போத்தல் கழுத்தில் ஒட்டும். ஒட்டியதும் எடையில் சேரும், ஆனால் கரையாமல் மேலேயே நிற்கும். முதலில் போட்டால் ஊற்றும் கரைப்பான் அதைக் கழுவிக்கொண்டு போகும்.

மூடி, குலுக்கி, வைத்துவிடுங்கள். எதனோலில் நம் அறை வெப்பத்திலேயே கரையும், சூடாக்கவே கூடாது. ஐபிஎம் என்றால் மூடியைச் சற்றுத் தளர்த்தி, கை பொறுக்கும் சூட்டு நீரில் போத்தலை நிறுத்தி அவ்வப்போது சுழற்றுங்கள். உருகும் வெப்பம் வரை கொண்டுபோகத் தேவையில்லை. நாம் உருக்கவில்லை, கரைக்கிறோம்.

உடனே லேபல் ஒட்டுங்கள்: பொருள், சதவீதம், கரைப்பான், திகதி. நாளைக்கு எழுதலாம் என்று விட்ட தெளிவான திரவங்கள் நாளைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஏன் இவ்வளவு பாடு, பளிங்கையே நிறுத்துப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். 0.05 கிராம் பளிங்கை 0.01 தராசில் நிறுத்தால் ஒரு இலக்கப் பிசகே 20 சதவீதப் பிழை. அதே அளவை 10 சதவீதக் கரைசலாக 0.50 கிராம் எடுத்தால் அதே பிசகு 2 சதவீதம்தான். விலை கூடிய தராசு வாங்குவதைவிட இது மலிவான வழி.

6. ஒரு சதவீதமும் ஓர் இரவும்

பத்துச் சதவீதத்திலிருந்து 5 கிராம் எடுத்து, மொத்தம் 50 கிராம் வரும்வரை அதே கரைப்பானை ஊற்றுங்கள். இது 1 சதவீதம். முகர்ந்து பழக இதுதான், கலவைக்கு 10 சதவீதம்.

இரண்டையும் ஓர் இரவு விடுங்கள். காலையில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடியில் மினுங்கும் துகள் இருந்தால் இன்னும் கரையவில்லை. கலங்கல் இருந்தால் போத்தலுக்குள் ஈரம் இருந்திருக்கிறது. கழுவி நன்றாகக் காயாத போத்தல்தான் இதற்கு வழக்கமான காரணம். மழை மாதங்களில் கழுவிய போத்தல் உள்ளே காயப் பல நாள் எடுக்கும், எதனோலால் ஒரு தடவை அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

7. முகர்தல்

இந்தப் படியைத்தான் அவசரப்பட்டு முடிக்கிறார்கள். எனக்கோ இதற்குச் செலவாகும் நேரம்தான் மிகப் பயனுள்ள நேரம்.

பட்டியின் நுனியை 1 சதவீதக் கரைசலில் தொட்டு, நேரத்தை அதன் மேலேயே எழுதுங்கள். எதனோல் பறக்க ஒரு நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் மூக்குக்கு மதுசாரம்தான் தெரியும். பிறகு ஒரு தடவை மெதுவாக முகர்ந்துவிட்டு அந்த இடத்தை விட்டு எழுந்து போங்கள். பத்து நிமிடம், ஒரு மணித்தியாலம், மறுநாள், மூன்றாம் நாள் என்று திரும்பப் பாருங்கள். அம்ப்ரொக்ஸான் பட்டியில் வாரக்கணக்கில் நிற்கும் பொருள். முதல் நிமிடத்தில் தெரிவதை வைத்து அதை எடைபோட முடியாது.

மூக்கு இதற்கு மிக விரைவாகப் பழகிவிடும். தொடர்ந்து முகர்ந்தால் மணம் மறைந்தது போல இருக்கும், உண்மையில் மூக்குத்தான் ஓய்ந்திருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த மணம் மங்கலாகத்தான் தெரியும். அது குறையும் இல்லை, நோயும் இல்லை. ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வீட்டில் இன்னொருவரிடம், அம்மாவோ தங்கையோ யாரானாலும், ஒரு வெறும் பட்டியையும் தொட்ட பட்டியையும் எது எது என்று சொல்லாமல் கொடுத்துக் கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லி உங்களால் சொல்ல முடியாவிட்டால், இனி அளவை முடிவு செய்வது உங்கள் மூக்கு அல்ல, அவருடையதுதான்.

காப்பிக் கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று கடைகளில் சொல்வார்கள். அதைவிட பல்கனியில் நின்று கொஞ்ச நேரம் காற்று வாங்குவது போதும்.

முகரும் அறையில் சாம்பிராணி, பொரியல், புதிதாகத் துடைத்த நிலம் இருக்கக் கூடாது. நம் வீடுகளில் அதிகாலைதான் சுத்தமான நேரம். தாளிதம் தொடங்கிவிட்டால் அன்றைய முகர்தலை விட்டுவிடலாம்.

8. கலவையில் சேர்த்தல்

அம்ப்ரொக்ஸானைத் தனியாக முகரும் மூக்கும் கலவைக்குள் முகரும் மூக்கும் ஒன்றல்ல. சர்க்கரைப் பொங்கலில் பச்சைக் கற்பூரம் போடுவது போலத்தான் இதுவும். துளியளவில் மற்றவற்றைத் தூக்கி நிறுத்தும், கூடினால் மற்ற எல்லாவற்றையும் விழுங்கும்.

பழக ஓர் எளிய கலவை, மொத்தம் 10 கிராம்:

ஹெடியோன் (மல்லிகைச் சாயலுள்ள செயற்கை வாசனை) 3.0, பெர்கப்டீன் நீக்கிய பெர்கமொட் (தேசிக்காய் இனத்து எண்ணெய்) 2.5, ஐசோ ஈ சூப்பர் (மரச் சாயலுள்ள செயற்கை வாசனை) 2.5, வெட்டிவேர் எண்ணெய் 0.5, கடைசி 1.5 கிராம் அம்ப்ரொக்ஸானுக்கான இடம்.

இதை மூன்று போத்தலில் செய்யுங்கள். ஒன்றில் அந்த 1.5 கிராமும் வெறும் எதனோல். இரண்டாவதில் 10 சதவீதக் கரைசல் 0.5, எதனோல் 1.0. மூன்றாவதில் 10 சதவீதக் கரைசல் 1.5. ஆக அம்ப்ரொக்ஸான் முறையே பூச்சியம், 0.5 சதவீதம், 1.5 சதவீதம். மூன்றுக்கும் மற்றவை எல்லாம் ஒன்றாகவே இருப்பதால், தெரியும் வித்தியாசம் அம்ப்ரொக்ஸானுடையது மட்டும். அம்ப்ரொக்ஸான் இல்லாத முதல் போத்தலைச் செய்யாமல் விடுபவர்கள் அதிகம். அது இல்லாமல் எதனோடு ஒப்பிடுவது?

மூன்றாம் போத்தல் போதவில்லை என்று தோன்றினாலும் அன்றே கூட்டாதீர்கள். மறுநாள் பார்த்த பிறகு கூடிய அளவைப் புதிய போத்தலில் செய்யுங்கள். இருக்கிற போத்தலிலேயே ஊற்றிக் கூட்டினால் திரும்பிப் போக வழியில்லை.

பெர்கமொட் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. பிழிந்தெடுத்த பெர்கமொட், தேசிக்காய் எண்ணெய்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் எரிவும் கறுப்புத் திட்டும் வரும். காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரமே அதற்குப் போதும். அதற்குக் காரணமான பொருள் பெர்கப்டீன், அதனால்தான் அது நீக்கியது என்று எழுதினேன். இதைப் போலவே, மலிவாகக் கிடைக்கிறதே என்று நம் கறுவா எண்ணெயையும் கைக்கு வந்தபடி ஊற்ற வேண்டாம், தோலில் ஒவ்வாமை வரும்.

9. எதனோலில் சேர்த்து முதிர விடுதல்

பிடித்த கலவை 10 கிராமுக்கு எதனோல் 40 கிராம். 20 சதவீதம் என்று எழுதத் தோன்றும். உண்மையில், மூன்றாம் போத்தல் என்றால், அதன் 1.5 கிராம் கரைசலுக்குள் 1.35 கிராம் எதனோல்தான். அதைக் கழித்தால் வாசனைப் பொருள் 8.65 கிராம், அதாவது 17.3 சதவீதம். அம்ப்ரொக்ஸான் மட்டும் பார்த்தால் 0.3 சதவீதம். கொப்பியில் இந்த உண்மைக் கணக்கை எழுதுங்கள்.

இரண்டு வாரம் இருட்டான அலுமாரியில் விடுங்கள். தொடக்கத்தில் கூர்மையாகத் தெரியும் மதுசாரமும் பெர்கமொட்டும் மற்றவற்றோடு இணங்க அந்த நேரம் வேண்டும். பிறகு ஓர் இரவு ஃபிரிட்ஜில், நன்றாக மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், சாப்பாட்டோடு ஒட்டாமல் வையுங்கள். கலங்கினால் குளிராகவே வடிதாளில் வடியுங்கள். அறை வெப்பத்துக்கு வந்த பின் வடித்தால் கலங்கல் திரும்பக் கரைந்து தாளைத் தாண்டிவிடும்.

நீர் சேர்க்க விரும்பினால் வடிப்பதற்கு முன், காய்ச்சி வடித்த நீராக, சொட்டுச் சொட்டாக. முதல் கலங்கல் தெரிந்ததும் நிறுத்துங்கள். தொடக்கத்தில் நீரே இல்லாமல் செய்வதுதான் நல்லது.

10. அத்தரும் லோஷனும்

அத்தருக்கு அதே கலவையை எதனோல் இல்லாமல், ஐபிஎம் கரைசலால் செய்து, மேலும் ஐபிஎம் சேர்த்து நிரப்புங்கள். எண்ணெயில் மணம் மெதுவாக எழும். உடனே தெரியவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள்.

லோஷனுக்கு மணமற்ற அடிப்படை லோஷன் 100 கிராமுக்குக் கலவை அரைக் கிராம் முதல் ஒரு கிராம். நீங்களே லோஷன் காய்ச்சுபவர் என்றால் 40 பாகைக்குக் கீழே இறங்கிய பின் சேருங்கள். சூட்டில் போட்டால் மேல்வாசனைகள் பறந்துவிடும், அம்ப்ரொக்ஸான் மட்டும் மிஞ்சும். பளிங்கை லோஷனில் நேரே போட்டால் கரையாது, மணல் போலத் தோலில் உரசும்.

11. தோலிலும் துணியிலும் பார்த்தல்

முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிதளவு, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவப்போ கடியோ வந்தால் அதோடு நிறுத்த வேண்டும். அதன் பிறகு, இரண்டு தடவை மட்டும் ஸ்பிரே அடித்துக்கொண்டு வெளியே போய் வாருங்கள். கொழும்பு வெக்கையில் பெர்கமொட் அரை மணித்தியாலம் தாங்கினால் பெரிது, அம்ப்ரொக்ஸான் மாலைவரை நிற்கும். ஏசி அறைக்குள் அது திரும்பவும் வேறுமாதிரித் தெரியும். இரண்டிலும் பாருங்கள், கூட இருப்பவரைக் கேளுங்கள்.

பருத்தித் துணியில் அடித்தால் சலவைக்குப் பிறகும் மணம் மிஞ்சலாம். பரிசோதனைக்குப் பழைய சேட் ஒன்றை ஒதுக்குங்கள், பட்டுப் புடவையில் வேண்டவே வேண்டாம்.

12. கழுவுதல், வைத்தல்

கிண்ணத்தையும் துளிப்பானையும் முதலில் கொஞ்சம் எதனோலால் துடைத்து, அதன் பின் சவர்க்காரத்தால் கழுவுங்கள். நீரை மட்டும் ஊற்றினால் பளிங்கு கண்ணாடியிலேயே படிந்து அடுத்த கலவைக்குள் போகும். துடைத்த தாளை உள்ளறைக் குப்பைக்கூடையில் போடாமல், பல்கனியில் எதனோல் பறக்க விட்டுப் பிறகு எறியுங்கள். மிச்சக் கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது. நீரில் கரையாதது குழாயில் தங்கி, சமையலறை நாட்கணக்கில் மணக்கும்.

மிஞ்சிய பளிங்கை இறுக மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். பல ஆண்டு கெடாத பொருள் இது. எதனோல் கரைசலில் கெடுவது பொருள் அல்ல, அளவு: மூடி தளர்ந்தால் எதனோல் பறந்து சதவீதம் ஏறும். போத்தலோடு சேர்த்த எடையை லேபலில் எழுதி வைத்து, அடுத்த தடவை திறக்கும் முன் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்திருந்தால் குறைந்த அளவுக்கு எதனோலை ஊற்றிச் சரிசெய்துவிட்டு எடுங்கள்.